இடக்கையால் எப்படிக் கொடுக்கிறது

திருகோணமலை ஆஸ்பத்திரியில் பெண்கள் வாட்டுக்குள் பார்வையாளர் நேரம் தவிர ஆண்களை விடமாட்டார்கள். என்னை விட்டார்கள். எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்தது என்ன பிரெஞ்சு என்பதைச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லொறியில் உதவியாளாகத் திரிந்து, கப்பலில் துரு சுரண்டிப் பெயின்ற் அடித்து, கடைசியில் பிரான்சில் போய் இறங்கினேன். அங்கே சாப்பாட்டுக் கடைகளில் நிலத்துக்குக் கீழே இருக்கும் குசினிகளில் சட்டி கழுவினேன். சூடு, பின்னால் வருகிறேன், விலகு, கெதியாக, முடிந்துவிட்டது, ஓம் ஐயா. இவைதான் என் பிரெஞ்சு. பிறகு கடைக்காரரோடு சண்டை பிடிக்கவும், பொலிசுக்குப் பதில் சொல்லவும் கொஞ்சம் பழகினேன். வாசிக்கத் தெரியாது. அகதி விண்ணப்பத்தை நிராகரித்துத் திருப்பி அனுப்பினார்கள். வந்து சேர்ந்தபோது சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் முடிந்து ஊரில் மறுபடி சண்டை தொடங்கியிருந்தது. பாலையூற்றில் ஒரு அறை எடுத்தேன். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை இருந்தால் போவேன். கடலில் வெடிச்சத்தம் கேட்டால் அன்றைக்கு வாயிலைப் பூட்டிவிடுவார்கள், வேலை இருக்காது. அப்படியான நாட்களில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில்தான் என்னைக் காணலாம்.

அங்கேதான் அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். அன்புவழிபுரத்துக்காரர். குடையை மடக்கிக்கொண்டே கேட்டார்.

"தம்பி, நீங்கள்தானே பிரெஞ்சு கதைக்கிற பிள்ளை?"

நான் வாயைத் திறக்க முன் கடைக்காரர் முந்திக்கொண்டார். "இவர் கதைச்சா பிரான்ஸ்காரனுக்கே விளங்காதாம் அக்கா. அதுதான் பிடிச்சு அனுப்பிப் போட்டாங்கள்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. வாங்கில் உட்கார்ந்து, எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்தார். அவருடைய தங்கை பாரிசுக்குப் பக்கத்தில் நெடுங்காலம் இருந்தவர். புருஷன் அங்கேயே இறந்துவிட்டார். மகள் அங்கே கல்யாணம் செய்து இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். அக்காவைப் பார்க்கவென்று ஊருக்கு வந்த இடத்தில் தங்கைக்குப் பாரிசவாதம் வந்துவிட்டது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

"மகள் கூப்பிடுறாள். இவவும் போகத்தான் வேணும் எண்டு நிக்கிறா. பேரப்பிள்ளையளின்ர படத்தைக் காட்டினா அழுறா. ஆனா காப்புறுதிக் கொம்பனிக்காரன் ஒரு கடுதாசி கேக்கிறான். சொல்லுறது அவவுக்கு விளங்குது, போறதுக்கு அவவே சம்மதம் எண்டு அதில இருக்க வேணுமாம். அது இருந்தாத்தான் பிளேனில ஏத்துவானாம். விளங்கேல்லை எண்டு வந்தா இஞ்சையே வச்சு வைத்தியம் பார் எண்டு விட்டிடுவானாம். அவவின்ர பிரான்ஸ் விசாவும் முடியப் போகுது. இஞ்ச நானும் வயசு போனவள். சத்தம் கேக்கிற நேரத்தில அவவைத் தூக்கிக்கொண்டு நான் எங்க ஓடுறது, சொல்லுங்கோ?"

ஆஸ்பத்திரியில் பேச்சைப் பரிசோதிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் அந்த நேரம் காயக்காரரைப் பார்க்க வந்திருந்த ஒரு வெளிநாட்டுக் குழுவில் பிரெஞ்சுப் பெண் ஒருத்தி இருந்தாள். பேச்சு இழந்தவர்களைச் சோதித்துப் பழக்குகிற படிப்புப் படித்தவள். கொம்பனியின் படிவத்தில் நோயாளியின் மொழி பிரெஞ்சு என்று எழுதியிருந்தது. ஆகவே பிரெஞ்சில் பரிசோதிக்க அவள் ஒத்துக்கொண்டாள். தாதிமாருக்கும் தமக்கைக்கும் நடப்பதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

அவள் கெட்டவள் இல்லை. வெயிலில் முகம் சிவந்து, பருத்திச் சட்டையோடு, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்குக் கை கொடுத்து விதிமுறையைச் சொன்னாள். பரீட்சையின் வசனங்களை அவள்தான் சொல்லுவாள். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி சொல்ல வேண்டும். நான் நோயாளிக்கு உதவக்கூடாது, கண்ணால்கூடச் சைகை காட்டக்கூடாது.

"தமிழில் கேட்டால் என்ன?" என்றேன்.

"தமிழுக்கு இந்தப் பரீட்சை இல்லை" என்றாள்.

அந்த வாட்டில் மட்டும் தலையில் ஷெல் துண்டு பட்டுப் பேச்சு இழந்த பெண்கள் இரண்டு மூன்று பேர் படுத்திருந்தார்கள். அவர்களுக்கு என்ன விளங்குகிறது, என்ன விளங்கவில்லை என்று ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்க ஒரு பரீட்சையும் இல்லை. படிவத்தில் பிரெஞ்சு என்று இருந்ததால் இந்த ஒருவருக்கு மட்டும் ஒரு பெட்டி நிறையப் பரீட்சை வந்திருந்தது. அதைக் கேட்ட அந்த இடத்திலேயே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது.

தங்கையை நான் அக்கா என்றே கூப்பிட்டேன். மெலிந்த உருவம். தலையை இழுத்துக் கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, தமக்கை அவரைத் தலையணையில் சாய்த்து வைத்திருந்தார். வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ஆனால் கண் நேராகப் பார்த்தது.

பெட்டிக்குள்ளிருந்து முதலில் படங்கள் வந்தன. ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னாள். பனியில் சறுக்கும் வண்டி. ஏதோ ஒரு மரத்தின் முள்ளுக்காய். கம்பிகள் கட்டிய, ஆள் உயர வாத்தியம். கோட்டைக்கு முன்னால் தூக்கி இறக்கும் பாலம். பிரான்சில் அத்தனை வருடம் இருந்த எனக்கே பாதிக்குப் பெயர் தெரியாது. அக்கா அங்கே கண்டது என்ன? விடிய முன் எழும்பி, கந்தோர் உத்தியோகத்தர் வர முன் போய், தரை துடைத்து, குப்பை அள்ளி, அவர்கள் வர முன் வெளியே வந்துவிடுகிற வேலை. பிரெஞ்சுக்காரரின் கதிரைகளைத் தெரியும், பிரெஞ்சுக்காரரைத் தெரியாது. அவரோடு பிரெஞ்சில் கதைத்தவள் மேற்பார்வைக்காரி ஒருத்திதான் என்று தமக்கை சொல்லியிருந்தார். அவள் கட்டளையிடுவாள், இவர் "வீ மதாம்" என்பார். ஓம் அம்மா என்பதுதான் அது.

படங்களுக்கு அக்கா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பிரெஞ்சுப் பெண் தாளில் குறித்தாள்.

பிறகு ஓம், இல்லை கேள்விகள். இவற்றுக்கு அதிகம் பேசத் தேவையில்லை, விளங்கினால் போதும் என்று எனக்கு விளக்கினாள். நான் தமக்கைக்குச் சொன்னேன். தமக்கை கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"கல் தண்ணீரில் மிதக்குமா?"

"வீ மதாம்."

முதல் தடவையாக அக்காவின் குரல் கேட்டது. நல்ல தெளிவாக வந்தது. தமக்கைக்கு ஆனந்தம். "கதைக்கிறா! தம்பி, கதைக்கிறா!"

"நீங்கள் ஆணா?"

"வீ மதாம்."

"வெயில் காலத்தில் பனி பெய்யுமா?"

"வீ மதாம்."

ஒவ்வொரு வீ மதாமுக்கும் தலையை அசைத்து, இறங்கிய வாயால் ஒரு சிரிப்பும் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். நானும் சிரித்திருக்கிறேன். அகதி விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் சொல்வது விளங்குகிறதா என்று கேட்டார்கள். அந்த ஆளின் தமிழ் எனக்குப் பாதி விளங்கவில்லை. ஓம் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இல்லை என்று சொல்வதற்கு எங்களில் எவன் அங்கே பழகினான்?

நான் பொறுக்காமல் சொன்னேன். "மதாம், இது பதில் இல்லை. இது மரியாதை. நீங்கள் என்ன கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார்."

அவள் பொறுமையாக விளக்கினாள். மூளையில் அடிபட்டவர்கள் பழகிப்போன ஒரு சொல்லையே எல்லாவற்றுக்கும் சொல்வதுண்டாம். அது இந்த நோயின் குணமாம்.

"மூளையில் அடிபடாத நானும் அங்கே அதையேதானே சொல்லிக்கொண்டிருந்தேன்?" என்றேன்.

அவள் அடுத்த பகுதிக்குப் போனாள். கட்டில் மேசையில் ஒரு பூட்டுத் திறப்பு, ஒரு சீப்பு, ஒரு கரண்டி, ஒரு பென்சில் வைத்தாள். உள்ளங்கையை நீட்டினாள்.

"திறப்பை என்னிடம் தாருங்கள்."

அக்கா திறப்பைப் பார்த்தார். செத்துப்போன வலக்கையைப் பார்த்தார். இடக்கை போர்வைக்கு மேல் கிடந்தது, அசையவில்லை. பிறகு வெட்கப்பட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சீப்பைத் தாருங்கள்."

அதே கதை. பிரெஞ்சுப் பெண் குறித்தாள். அடுத்த கட்டிலில் காலில் கட்டோடு படுத்திருந்த நிலாவெளிப் பெண்ணுக்கு எங்கள் பிரெஞ்சுக் கதை ஒன்றும் விளங்காது. பார்த்துக்கொண்டிருந்தவர் தானாகச் சொன்னார்.

"இடக்கையால எப்பிடிக் குடுக்கிறது? வெள்ளைக்கார மிஸ்ஸுக்கு?"

அந்த வாட்டில் துடைப்பம் பிடிப்பவர் வரை எல்லோருக்கும் கண்ட உடனே விளங்கிய விஷயம் அது. சோற்றையோ பூவையோ இடக்கையால் நீட்டினால் தாயே கையில் அடிப்பாள். மருத்துவம் பார்க்க வந்த பெண்ணுக்கு அந்தக் கையால் ஒரு சாமானைக் கொடுப்பதா? நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். என் பிரெஞ்சில் மரியாதைச் சொற்கள் குறைவு. சத்தம்தான் அதிகம். என்னுடைய வேலை தமக்கைக்கு விளக்குவது மட்டும்தான் என்று அவள் சொன்னாள். நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். விளங்கவில்லை என்று நீங்கள் எழுதினால் இந்த மனுசி இங்கேயே கிடந்து சாவார், பிள்ளையைக் காணமாட்டார், உங்களுக்கு அந்தத் தாள்தான் பெரிது என்றேன். தாதி ஓடிவந்தாள். தமக்கை என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. "இவவுக்கு எல்லாம் விளங்குது, இவவின்ர மனசில என்ன கிடக்கு எண்டு எனக்குத் தெரியும்" என்று தமிழிலும் தொடங்கினேன்.

நெற்றியில் ஏதோ சுளீரென்று பட்டது. சீப்பு.

"நொன்!" என்றார் அக்கா. பிரெஞ்சில் இல்லை என்பதற்கு அதுதான் சொல். இடக்கை இன்னும் என்னை நோக்கியே நீட்டியிருந்தது. "நொன்! நொன்!"

"என்னடி இது, தம்பிக்கு எறியிறாய்!" என்று தமக்கை பதறினார்.

"வாயை மூடு எண்டு சொல்லுறா" என்றார் நிலாவெளிப் பெண். "சரியாத்தான் சொல்லுறா. காது அடைக்குது."

வாட்டு முழுக்கச் சிரித்தது. பிரெஞ்சுப் பெண் சிரிக்கவில்லை. பேனையை நிறுத்தி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதிரையிலிருந்து எழுந்து என்னை அதில் இருக்கச் சொன்னாள். தான் போய் யன்னலோரம், அக்காவின் கண்ணில் படாத இடத்தில் நின்றுகொண்டாள்.

"நீங்கள் கேளுங்கள்" என்றாள். "முதலில் என் மொழியில், பிறகு உங்கள் மொழியில்."

எனக்கு ஓம் சொல்ல வேண்டிய அவசியம் அக்காவுக்கு என்ன இருக்கிறது? நான் யார்? மூட்டை இறக்குகிறவன், வயதில் சின்னவன், கொஞ்சத்துக்கு முன் வாட்டில் நின்று கத்தியவன். ஒவ்வொன்றையும் பிரெஞ்சில் சொல்லிவிட்டுத் தமிழிலும் கேட்டேன்.

"அக்கா, கல்லுத் தண்ணியில மிதக்குமோ?"

மோடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நொன்."

"நீங்கள் ஆம்பிளையோ?"

இடக்கை மறுபடி மேசைப் பக்கம் போனது. நான் கதிரையைப் பின்னால் இழுத்தேன்.

"கேக்கிற கேள்வியைப் பார்" என்றார் நிலாவெளிப் பெண்.

"சரி, சரி. திறப்பைத் தாங்கோ."

எடுத்து என் மடியில் எறிந்தார். கரண்டியைக் கேட்டேன், அதுவும் வந்தது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தார் என்று பொய் சொல்ல மாட்டேன். கேள்வி நீளமானால் தடுமாறினார். பென்சிலைத் தொட்டுவிட்டுப் பிறகு கரண்டியைத் தொடுங்கள் என்றால் மாறித் தொட்டார். ஆனால் இல்லை என்பதை இல்லை என்றும் ஓம் என்பதை ஓம் என்றும் சொன்னார். கடைசியில் பிரெஞ்சுப் பெண் சொல்லித்தந்ததைக் கேட்டேன். "அக்கா, பிளேனில ஏறி மகளிட்டப் போக உங்களுக்குச் சம்மதமோ?"

"வீ" என்றார். மதாம் சேர்க்கவில்லை. கண்ணால் தண்ணீர் ஓடியது.

"அவருக்கு விளங்குகிறது" என்றாள் பிரெஞ்சுப் பெண். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன் என்றாள். எழுதினாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் என்னிடம் எதிர்பார்க்கவில்லை.

கொம்பனியின் பதில் வந்தபோது அவளே அன்புவழிபுரத்து வீட்டுக்கு வந்து சொன்னாள். அதற்குள் அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டாம் தடவை கேள்வி கேட்டவர் தகுதி பெற்றவர் அல்லவாம், பரீட்சையின் ஒழுங்கு மாற்றப்பட்டிருக்கிறதாம், ஆகவே முதல் பெறுபேறுதான் கணக்கில் எடுக்கப்படுமாம். அதன்படி நோயாளிக்கு விளங்கவில்லை. ஆட்சேபம் இருந்தால் கொழும்பில் தங்கள் டொக்டரிடம் காட்டலாமாம்.

"நீங்கள் நின்றீர்களே! கண்ணால் கண்டீர்களே!" என்றேன்.

"கண்டேன். எழுதினேன்" என்றாள். "போனிலும் சொன்னேன். பரீட்சை எதற்காக இருக்கிறது என்று என்னிடமே கேட்கிறார்கள்." அவளுடைய குழுவைத் திருப்பி அழைக்கிறார்கள், சில நாட்களில் போகிறேன் என்றும் சொன்னாள்.

பாரிசில் எவனோ ஒருவன். மேசையில் கோப்பி இருந்திருக்கும். திருகோணமலை எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்காது. அவன் ஆளைக் காணாமல், குரலைக் கேளாமல், ஆளைக் கண்ட ஒருத்தியின் சொல்லைத் தள்ளிவைத்தான். ஒரு மனுசிக்கு விளங்குகிறதா இல்லையா என்று தீர்மானிக்க இவனுக்கு எங்கிருந்து உரிமை வந்தது என்று அன்றைக்கு முழுவதும் தேத்தண்ணிக் கடையில் புலம்பினேன். "அதை அவனிட்டக் கேளும், பிரெஞ்சிலதான் கேக்க வேணும்" என்றார் கடைக்காரர்.

கொழும்புக்கு வாடகைக்கு ஒரு வான் பிடித்துப் போனோம். அக்காவைப் பின் இருக்கையில் கிடத்தி, தமக்கை தலைமாட்டில் இருந்தார். எனக்குச் சிங்களம் தெரியும் என்பதால் முன்னால் இருந்தேன். சோதனைச் சாவடிகளில் எல்லோரும் இறங்கி, பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து போய், அந்தப் பக்கத்தில் ஏற வேண்டும். அக்காவால் இறங்க ஏலாது. ஒவ்வொரு இடத்திலும் விளக்கினேன். ஒரு இடத்தில் இளம் சிப்பாய் ஒருவன் கதவைத் திறந்து அக்காவிடம் பெயர் கேட்டான். பேச்சு வராது என்றேன். உன்னைக் கேட்கவில்லை என்று சொல்லி மறுபடி கேட்டான். அடையாள அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், போர்வையைத் தூக்கிக் காலைப் பார்த்தான். நடிக்கிறாவா என்று என்னிடம் கேட்டான். வெயிலில் நெடுநேரம் நிற்கவைத்துவிட்டுப் பிறகு போகச் சொன்னான். அங்கே நான் கத்தவில்லை. எங்கே கத்தலாம், எங்கே கத்தக்கூடாது என்று எனக்கும் தெரியும்.

கொழும்பில் அது தனியார் ஆஸ்பத்திரி. குளிரூட்டிய அறை. போக முன் தமக்கை அக்காவுக்கு நல்ல சேலை உடுத்தி, வாயைத் துடைத்து, சக்கர நாற்காலியில் நிமிர்த்தி வைத்திருந்தார். முந்தின இரவு தங்கிய விடுதியில் வைத்து நாங்கள் இருவரும் மாறி மாறிப் பழக்கியும் இருந்தோம். டொக்டர் பிழையானதைக் கேட்டால் இல்லை என்று சொல்ல வேணும், அது மரியாதைக் குறைவு இல்லை, சாமானைக் கேட்டால் இடக்கையால் கொடுக்கலாம், அவர் ஒன்றும் நினைக்கமாட்டார் என்று திரும்பத் திரும்பச் சொன்னோம். அக்கா தலையாட்டினார். இடக்கையால் கண்ணாடிக் குவளையை எடுத்துத் தமக்கைக்குக் கொடுத்துக் கொடுத்துப் பழகினார். டொக்டரின் அறைக்குள் போனதும் அந்தக் கையை முந்தானைக்கு வெளியே எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொண்டார்.

டொக்டர் தலைப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருகோணமலைத் தாள்களைப் புரட்டினார். இரத்த அழுத்தம் எவ்வளவு என்று தாதியிடம் கேட்டார். பிறகு தமக்கையைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். கப்பலில் பழகிய ஆங்கிலத்தை வைத்து நான் அதைச் சொன்னேன். "இவவுக்குச் சொல்லுறது விளங்குதோ எண்டு கேக்கிறார்."

"ஓம் டொக்டர்" என்றார் தமக்கை.

டொக்டர் எழுதினார். கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். அவ்வளவுதான். அந்தத் தாளைக் கொம்பனி மறுபேச்சு இல்லாமல் ஏற்றது. அந்தத் தாளில்தான் அக்கா விமானம் ஏறினார், மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அது நல்லது. அதில் எனக்குக் குறை இல்லை.

ஆனால் அந்த அறையில் நான் டொக்டரிடம் சொன்னேன். "சேர், நீங்கள் அவவிட்ட ஒண்டும் கேக்கேல்லையே?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தமக்கை என் கையைக் கிள்ளினார். "பேசாம வாங்கோ தம்பி. சைன் வச்சிட்டார். கெடுத்துப் போடாதேங்கோ."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தோம். அக்கா கழுத்தைத் திருப்பித் திருப்பி அந்த அறைக் கதவையே பார்த்தார். வெளியே வந்துவிட்டோம், முடிந்துவிட்டது, போகலாம் என்று சொன்னோம். இடக்கையால் நாற்காலியின் பிடியில் அடித்தார். நிறுத்தாமல் அடித்தார்.

"சந்தோசத்தில தட்டுறா" என்றார் தமக்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எனக்கு அது சந்தோசமாகத் தெரியவில்லை. லிப்ட் வந்து கதவு மூடும்வரை அக்கா அடித்துக்கொண்டுதான் இருந்தார்.